ராஜினாமா என்ற பெயரில் நடக்கும் ஆட்குறைப்பை அரசு எண்ண வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐடி கம்பெனிகளில் ஆட்குறைப்பு என்று உங்கள் நாளிதழில் செய்தி வந்தால், ஓரிரு நாளில் அரசின் பதிலும் பின்னாலேயே வந்துவிடுகிறது. நிலைமையைக் கவனித்து வருகிறோம் என்று மத்திய அரசு சொல்கிறது. புது முதலீடு வருகிறது, புது வேலைகள் வருகின்றன என்று மாநில அரசு சொல்கிறது. இரண்டும் பொய் என்று நான் சொல்லவில்லை. எனக்கு ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். போன ஆண்டு தமிழ்நாட்டில் எத்தனை ஐடி ஊழியர்கள் வேலையிழந்தார்கள்? அரசு தானே எண்ணி வெளியிட்ட கணக்கு எதையும் நான் இதுவரை பார்த்ததில்லை. எண்ணாத ஒன்றுக்கு எப்படித் தீர்வு சொல்லப் போகிறார்கள்?

எண்ணுவது கஷ்டம் என்பதால் எண்ணாமல் இல்லை. ஐடியில் சம்பளம் வாங்கும் கிட்டத்தட்ட எல்லோருக்கும் பி.எஃப். எண் இருக்கிறது, மாதாமாதம் வரி பிடிக்கிறார்கள், யார் எந்தத் தேதியில் எந்தக் கம்பெனியை விட்டுப் போனார் என்பது வரை பி.எஃப். இணையதளத்தில் பதிவாகிறது. ஆனால் கம்பெனியின் பதிவில் விலகிய காரணம் என்ற இடத்தில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒரே சொல்தான்: ராஜினாமா. வேலையை விட்டு அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் காகிதத்தில் தானாகவே விலகியவர்கள். நான் இந்தக் கடிதத்தை எழுதுவதே இதைச் சொல்லத்தான்.

2025 ஜூலையில் நடந்ததைப் பாருங்கள். நாட்டிலேயே அதிக ஊழியர்களைக் கொண்ட ஐடி நிறுவனமான டிசிஎஸ், தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது ஏறத்தாழ 12,000 பேரை அந்த நிதியாண்டில் குறைக்கப் போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலையில் இருப்பவர்கள் என்றும் அதுவே சொன்னது. செப்டம்பரில் முடிந்த காலாண்டில் அதன் மொத்த ஊழியர் எண்ணிக்கை 19,000க்கும் மேல் குறைந்திருந்தது. இதில் உண்மையிலேயே வேறு வேலை கிடைத்துப் போனவர்கள் எத்தனை பேர், போகச் சொல்லப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று நிறுவனம் ஒன்று சொன்னது, தொழிற்சங்கங்கள் வேறு சொன்னன. நடுவில் நின்று இதுதான் சரியான எண் என்று சொல்ல வேண்டிய அரசிடம் சொந்தமாக எண்ணே கிடையாது. குறைந்தபட்சம் அந்த நிறுவனம் வெளிப்படையாக அறிவித்தது. அறிவிக்காமலே மாதம் நூறு பேர், இருநூறு பேர் என்று கழிக்கும் கம்பெனிகள் எத்தனையோ இருக்கின்றன, அவை செய்தியிலும் வருவதில்லை.

வெளியில் இருப்பவர்களுக்கு இது எப்படி நடக்கிறது என்று தெரிய வாய்ப்பில்லை, அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். நான் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன், இப்படி ஒரு அறையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். முதலில் நம் பிராஜெக்ட் முடிந்துவிட்டது என்று பெஞ்சுக்கு அனுப்புவார்கள், அதாவது வேலை எதுவும் ஒதுக்காமல் சம்பளத்தோடு காத்திருக்க வைப்பார்கள். பெஞ்சில் இத்தனை நாளுக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். உள்ளேயே வேறு பிராஜெக்டுக்கு இன்டர்வியூ போனால் உங்கள் அனுபவத்துக்கு ஏற்ற இடம் இல்லை என்ற பதில்தான் வரும். அப்புறம் ஒரு நாள் காலண்டரில் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு மீட்டிங், தலைப்பு எதுவும் இருக்காது. உள்ளே போனால் மேனேஜர் வாய் திறக்கமாட்டார், மனிதவளப் பிரிவின் எச்.ஆர். ஆள்தான் பேசுவார். இன்றைக்கே ராஜினாமா போட்டுவிட்டால் இரண்டு மாதச் சம்பளமும் ஒழுங்காக விலகினார் என்று சொல்லும் நல்ல ரிலீவிங் லெட்டரும் கிடைக்கும், போடாவிட்டால் செயல்திறன் சரியில்லை என்று டெர்மினேட் செய்வோம், அடுத்த கம்பெனி உங்களைப் பற்றி விசாரிக்கும் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் செய்யும்போது அதுதான் தெரியவரும் என்பார். யோசிக்க ஒரு நாள் கொடுங்கள், வீட்டில் பேச வேண்டும் என்றால் முடியாது, இந்தச் சலுகை இந்த அறையை விட்டு வெளியே போகும்வரைதான் என்ற பதில் வரும். போனை மேஜை மேல் வைக்கச் சொல்வார்கள். எழுத்தில் எதுவும் தரமாட்டார்கள். ராஜினாமாவை நம் கையால் நம் லாகினில் இருந்தே போட வேண்டும், காரணம் என்ற கட்டத்தில் 'சொந்தக் காரணம்' என்று தேர்ந்தெடுக்கும்வரை பக்கத்தில் இருப்பார்கள். அது முடிந்த சிறிது நேரத்தில் மெயில் வேலை செய்யாது.

எல்லாக் கம்பெனியிலும் அச்சு அசலாக இப்படித்தான் என்று சொல்லமாட்டேன். நாகரிகமாக நடத்தும் இடங்களும் உண்டு, ஆறு மாதச் சம்பளம் கொடுத்து அனுப்பியவர்களையும் எனக்குத் தெரியும். ஆனால் அங்கும் கடைசியில் கையெழுத்து ராஜினாமாவில்தான் விழுகிறது.

ஏன் இவ்வளவு பாடுபட்டு ராஜினாமா வாங்க வேண்டும்? நேராக ஆட்குறைப்பு என்று சொன்னால் சட்டம் வந்து நிற்கும், அதனால்தான். 1947-ஆம் ஆண்டு தொழிற்தகராறு சட்டத்தின் 25-எஃப் பிரிவு இத்தனை காலம் என்ன சொன்னது? ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்ய வேண்டுமானால் காரணம் எழுதி ஒரு மாத நோட்டீஸ் கொடு, அல்லது அந்த மாதச் சம்பளத்தைக் கொடு. முடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடாகக் கொடு. அரசுக்குத் தகவல் கொடு. அடுத்தடுத்த பிரிவுகளில் இன்னும் இரண்டு விஷயம் உண்டு. கடைசியாகச் சேர்ந்தவரைத்தான் முதலில் அனுப்ப வேண்டும், மாற்றிச் செய்தால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். பிறகு ஆள் எடுக்கும்போது, அனுப்பப்பட்டவருக்கு முன்னுரிமை தர வேண்டும். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இவை அநேகமாக அப்படியே இருக்கின்றன, மறுவேலை முன்னுரிமைக்கு மட்டும் ஓராண்டு என்று வரம்பு போட்டிருக்கிறார்கள்.

இப்போது நம் ஊர் ஐடி ஆட்குறைப்போடு இதை வைத்துப் பாருங்கள். அனுப்பப்படுகிறவர்கள் கடைசியாகச் சேர்ந்தவர்கள் இல்லை, பத்து பதினைந்து வருடம் உழைத்து சம்பளம் ஏறியவர்கள். அதே மாதத்தில் காலேஜ்களில் கேம்பஸ் இன்டர்வியூவும் நடக்கிறது. மாதம் 80,000 ரூபாய் வாங்கிப் பத்தாண்டு வேலை பார்த்தவருக்கு ஆண்டுக்கு 15 நாள் என்றால் 150 நாள் சம்பளம், சுமார் 4 லட்சம் ரூபாய். பணத்தை விடுங்கள், சில கம்பெனிகள் அதைவிட அதிகமாகவே தருகின்றன. அரசுக்குத் தகவல் தர வேண்டும், வரிசையை மீறினால் காரணம் சொல்ல வேண்டும், மறுபடி ஆள் எடுத்தால் பழைய ஆளைக் கூப்பிட வேண்டும் என்ற மூன்று கடமையும் 'சொந்தக் காரணம்' என்ற ஒரே சொடுக்கில் காணாமல் போகின்றன. அரசின் மேஜைக்குப் போக வேண்டிய தகவல் எச்.ஆர். மென்பொருளுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அப்புறம் அரசு எதைக் கவனித்து வருகிறது?

மிரட்டி வாங்கிய ராஜினாமா ராஜினாமாவே ஆகாது, அது வேலை நீக்கம்தான் என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது ஊழியர். போன் இல்லை, காகிதம் இல்லை, மெயில் இல்லை, கூட இருந்த மேனேஜர் சாட்சி சொல்ல வரமாட்டார். சரி, துணிந்து போனவர்களின் கதை என்ன? 2015-இல் வேலை நீக்கப்பட்ட சென்னை ஐடி ஊழியர் ஒருவர் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனார். அவர் மேனேஜர் நிலையில் இருந்தவர், தொழிலாளி என்ற வரையறைக்குள் வரமாட்டார் என்று நிறுவனம் வாதாடியது. அவர் செய்தது தொழில்நுட்ப வேலை, அதனால் அவர் தொழிலாளிதான், சம்பளத்தோடு மறுபடி வேலையில் சேர்க்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது 2022-இல். ஏழு வருடம். வீட்டுக் கடன், பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ், பெற்றோரின் மருந்துச் செலவு எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு ஏழு வருடம் கோர்ட்டுக்கு நடக்க எத்தனை பேரால் முடியும்? அந்த மனிதரின் உறுதியை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அவ்வளவு உறுதி இருந்தால்தான் சட்டம் கிடைக்கும் என்பது சரியான நிலைமை இல்லை. அதே 2015 ஜனவரியில் வேலை நீக்க நோட்டீஸ் பெற்ற கர்ப்பிணி ஊழியர் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கினார். அவரிடம் நோட்டீஸ் இருந்தது, அதனால் நீதிமன்றத்தில் காட்ட முடிந்தது. இப்போது யாருக்கும் நோட்டீஸே வருவதில்லை.

இந்த மேனேஜர் விஷயத்தை அரசு லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐடியில் ஏழெட்டு வருடம் போனால் பெயருக்குப் பின்னால் லீட், அசோசியேட் மேனேஜர், கன்சல்டன்ட் என்று ஏதாவது ஒன்று ஒட்டிக்கொள்ளும். அவர்களுக்கு ஒருவரை வேலைக்கு எடுக்கவோ அனுப்பவோ அதிகாரம் கிடையாது, லீவு கொடுக்கக்கூட மேலே கேட்க வேண்டும், நாள் முழுக்க உட்கார்ந்து புரோகிராம்தான் எழுதுவார்கள். புதிய சட்டத் தொகுப்பிலும் நிர்வாகப் பதவியில் இருப்பவர்கள் தொழிலாளி இல்லை, மேற்பார்வை வேலையில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர்களும் இல்லை. பதவியின் பெயரைப் பார்க்காமல் செய்யும் வேலையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் சொன்னதை, ஐடி துறைக்கு இப்படித்தான் பொருந்தும் என்று ஒரு அரசாணையாகப் போட்டால் பாதி வழக்கு நீதிமன்ற வாசலுக்கே வராது.

தமிழ்நாடு அரசால் முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். ஐடி ஊழியர்களுக்குத் தொழிற்சங்கம் வைக்க உரிமை இல்லை, தொழிலாளர் சட்டமே பொருந்தாது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கை ஒட்டி, சங்கம் அமைக்கலாம், தொழிற்தகராறு சட்டத்தின்படி நிவாரணமும் கேட்கலாம் என்று 2016-இல் தெளிவுபடுத்தியது இதே தமிழ்நாடு அரசுதான். அது பெரிய விஷயம். பக்கத்தில் கர்நாடகாவில் ஐடி நிறுவனங்களுக்கு, வேலை நிபந்தனைகளை எழுத்தில் வகுக்கச் சொல்லும் நிலையாணைகள் சட்டத்தில் இருந்து விலக்கு கொடுத்து அதை நீட்டித்துக்கொண்டே போனார்கள். நாம் முதல் அடி எடுத்து வைத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டோம். அந்த உரிமை இருப்பதே, சென்னையில் ஐடி கம்பெனிகள் நிறைந்த ஓ.எம்.ஆர். சாலையில் வேலை பார்க்கும் பத்துப் பேரில் எட்டுப் பேருக்குத் தெரியாது என்பது என் அனுபவம். என் டீமில் கேட்டபோது நமக்கெல்லாம் அது வராது மேடம் என்றுதான் பதில் வந்தது.

புதிய சட்டத் தொகுப்புகளில் நல்லதும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். வேலையை விட்டால், அது நீக்கமோ ராஜினாமாவோ, வர வேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்கிறது ஊதியச் சட்டத் தொகுப்பு. ஃபைனல் செட்டில்மென்டுக்கு 45 நாள், 60 நாள் என்று இழுத்தடிக்கும் துறைக்கு இது நல்ல கடிவாளம், அமல்படுத்தினால். மறுதிறன் நிதி என்று ஒன்றையும் கொண்டு வந்திருக்கிறார்கள். ஆட்குறைப்பு செய்யப்பட்டவருக்காக நிறுவனம் 15 நாள் சம்பளத்தை அந்த நிதிக்குச் செலுத்த வேண்டும், அது 45 நாளுக்குள் அவருடைய வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். ஆனால் ராஜினாமா செய்தவருக்கு இதுவும் கிடையாது. அப்புறம் வேலை நீக்கத்தை எதிர்த்துப் புகார் கொடுக்க முன்பு மூன்று ஆண்டு அவகாசம் இருந்தது, இப்போது இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். குறைந்தது 300 பேர் இருந்தால்தான் ஆட்குறைப்புக்கு அரசு அனுமதி வேண்டும் என்று வரம்பை 100-இல் இருந்து உயர்த்தியதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அந்த அனுமதி விதி தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் மூன்றுக்கும் மட்டும்தான். ஐம்பதாயிரம் பேர் வேலை செய்யும் ஐடி நிறுவனத்துக்கு அது பழைய சட்டத்திலும் இல்லை, புதியதிலும் இல்லை.

அடுத்து, வேலை போன பிறகு என்ன உதவி இருக்கிறது என்று பார்த்தால் மனசு கனத்துப் போகிறது. இ.எஸ்.ஐ.யில் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று ஒரு திட்டம் உண்டு. வேலையிழந்தவருக்குச் சராசரிச் சம்பளத்தில் பாதியை 90 நாள் வரை கொடுக்கும் நல்ல திட்டம். ஆனால் இ.எஸ்.ஐ.க்குள் வர மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 2017-இல் வைத்த வரம்பு. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒரு ஐடி பையனே பல இடங்களில் அதைத் தாண்டிவிடுவான். மாநில அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், அதுவும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டு காத்திருந்தால். அது வேலையே கிடைக்காதவர்களுக்கான திட்டம், வேலையை இழந்தவர்களுக்கானது இல்லை. பி.எஃப். இருக்கிறதே என்பார்கள். அது நாம் சேர்த்த பணம், வயதான காலத்துக்கு வைத்தது, அதை எடுத்து இ.எம்.ஐ. கட்டுவதற்குப் பெயர் உதவி இல்லை. அதிலும் வேலை போனவுடன் முக்கால் பங்கை எடுக்கலாம், மீதிக்குப் பன்னிரண்டு மாதம் காத்திரு என்று 2025 அக்டோபரில் முடிவெடுத்திருக்கிறார்கள், முன்பு இரண்டு மாதத்தில் முழுவதையும் எடுக்க முடிந்தது.

இன்னொன்று, பலர் யோசிக்காதது. கம்பெனி கொடுக்கும் குழு மருத்துவக் காப்பீடு கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அதில்தான் அப்பா அம்மாவையும் சேர்த்து வைத்திருப்போம். எழுபது வயதில் சர்க்கரையும் பைபாஸும் உள்ள ஒருவருக்குத் தனியாகப் புது பாலிசி எடுக்கப் போனால் பிரீமியத்தைக் கேட்டு மயக்கமே வரும், பழைய நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் வேறு. வேலை போன அதிர்ச்சியைவிட இந்த பயம்தான் என்னை ராத்திரி தூங்கவிடாமல் செய்தது.

மத்திய அரசிடம் பணமே இல்லையா என்றால் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் முதல் இரண்டு ஆண்டுக்கு 99,446 கோடி ரூபாய் ஒதுக்கி பிரதமரின் விக்சித் பாரத் ரோஜ்கார் திட்டம் நடக்கிறது. முதன்முதலாக வேலைக்குச் சேர்பவருக்கு 15,000 ரூபாய் வரை, கூடுதலாக ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு ஆளுக்கு மாதம் 3,000 ரூபாய் வரை. வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், இளைஞர்களுக்கு வேலை வரட்டும். ஆனால் உள்ளே வருபவருக்கு அரசு பணம் தருகிறது, வெளியே தள்ளப்படுபவரை யார் என்று கூடக் கேட்பதில்லை. மாநிலத்தில் 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டமும் அப்படித்தான், கல்லூரி மாணவர்களுக்கு நன்றாக நடக்கிறது. நாற்பத்திரண்டு வயதில் பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டவருக்கு அதில் கதவு இல்லை. ஏஐ வந்ததால் பழைய வேலைகள் போகின்றன, திறனை வளர்த்துக்கொள்ளுங்கள் என்று மேடைகளில் சொல்கிறார்கள். ஆன்லைனில் எத்தனையோ கோர்ஸ் இருக்கின்றன, நாங்கள் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். கையில் சர்டிபிகேட்டோடு போனாலும் ரெஸ்யூமேயில் பதினெட்டு வருட அனுபவத்தைப் பார்த்ததும் பட்ஜெட் ஒத்துவராது என்று அனுப்பிவிடுகிறார்கள். பாதிச் சம்பளத்துக்கு வருகிறேன் என்றாலும் நம்பமாட்டார்கள், நல்ல ஆஃபர் வந்ததும் ஓடிவிடுவீர்கள் என்பார்கள். ஊக்கத்தொகை கொடுக்கும் அதே திட்டத்தில், ஆட்குறைப்பில் வந்த மூத்த ஊழியரை எடுக்கும் சின்னக் கம்பெனிகளுக்கும் ஒரு பங்கு வைத்தால் என்ன?

வெளிநாட்டை எடுத்துக்காட்டினால் சிலருக்குப் பிடிக்காது, இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் இதே கம்பெனிகள்தான் அங்கேயும் இருக்கின்றன. தொழிலாளர் பாதுகாப்பு குறைவு என்று பெயர் வாங்கிய அமெரிக்காவில்கூட 1988-இல் இருந்து வார்ன் சட்டம் என்று ஒன்று உண்டு. குறைந்தது நூறு பேர் வேலை செய்யும் நிறுவனம் பெரிய அளவில் ஆட்களைக் குறைப்பதாக இருந்தால் 60 நாள் முன்பே ஊழியருக்கும் மாநில அரசுக்கும் எழுத்தில் சொல்ல வேண்டும். கலிபோர்னியா அரசின் இணையதளத்தில் எந்தக் கம்பெனி, எந்த ஊர், எத்தனை பேர், எந்தத் தேதி என்று பட்டியலே கிடைக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சிங்கப்பூரில் குறைந்தது பத்துப் பேர் உள்ள நிறுவனம் ஒரே ஒருவரை ஆட்குறைப்பு செய்தாலும் ஐந்து வேலை நாளுக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அங்கே அறுபது நாள் நோட்டீஸ் கொடுக்கிற அதே கம்பெனி இங்கே பதினைந்து நிமிட மீட்டிங்கில் முடிக்கிறது என்றால், ஒரு கண்ணில் வெண்ணெயும் இன்னொரு கண்ணில் சுண்ணாம்பும் வைப்பது கம்பெனி மட்டும் இல்லை, அதை அனுமதிக்கிற நம் அரசும்தான்.

கெடுபிடி காட்டினால் கம்பெனிகள் ஹைதராபாத்துக்கோ பெங்களூருக்கோ போய்விடும் என்று அதிகாரிகள் பயப்படுவது எனக்குப் புரிகிறது. முதலீட்டை இழக்க யாருக்கும் ஆசை இல்லை, விழுப்புரம், தஞ்சாவூர், சேலம் என்று மினி டைடல் ஐடி பூங்காக்கள் வந்ததில் எனக்கும் சந்தோஷம்தான், என் சொந்தக்காரப் பெண் ஒருத்தி ஊரை விட்டு வராமலே வேலைக்குப் போகிறாள். ஆனால் நான் கேட்பது ஆட்குறைப்பே கூடாது என்று இல்லை. வியாபாரம் குறைந்தால் ஆள் குறையத்தான் செய்யும். செய்வதைச் செய்தேன் என்று எழுதிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஒரு படிவம் நிரப்பி அரசுக்கு அனுப்புவதால் எந்தக் கம்பெனியும் ஊரைக் காலி செய்யாது. தொழிலாளர் விஷயம் பொதுப்பட்டியலில் இருக்கிறது, மத்திய அரசே நாடு முழுக்க ஒரே விதியாகக் கொண்டுவந்தால் அந்த பயத்துக்கும் இடமில்லை.

லட்சத்தில் சம்பளம் வாங்கினவர்களுக்கு என்ன அரசு உதவி என்று கேட்பவர்களும் உண்டு, என் உறவினர்களே கேட்டிருக்கிறார்கள். லட்சம் வாங்குபவர் சிலர்தான். ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சத்தில் சேர்ந்த பையன்கள்தான் இந்தத் துறையின் அடித்தளம், அந்த ஆரம்பச் சம்பளம் பத்தாண்டுக்கு மேலாகப் பெரிதாக ஏறவே இல்லை. அதிகமாக வாங்கியவர்களும் சம்பளம் கைக்கு வருமுன்பே வரி கட்டியவர்கள். வரி கட்டிக்கொண்டிருந்த வரைக்கும் எங்களை எண்ணிக்கொண்டுதானே இருந்தார்கள்? ஒரு கட்டடத்தில் ஐந்நூறு பேர் போனால் கேப் ஓட்டுபவர், கேன்டீனில் இருப்பவர், ஹவுஸ்கீப்பிங் அம்மா, வாசலில் நிற்கும் செக்யூரிட்டி எல்லோருக்கும் ஷிப்ட் குறைகிறது. அவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள், ஏனென்றால் முதல் ஐந்நூறு பேரே கணக்கில் இல்லை.

அதனால் தொழிலாளர் நலத்துறை அமைச்சருக்கும் செயலாளருக்கும் உங்கள் வழியாக நான் கேட்பது இதுதான். ஒரு நிறுவனத்தில் ஒரு மாதத்தில் வழக்கத்தைவிட அதிகமான ராஜினாமாக்கள் விழுந்தால், இத்தனை சதவீதத்துக்கு மேல் என்று ஒரு வரம்பு வைத்து, அதைத் துறைக்குத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்குங்கள், பி.எஃப். தரவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் மறைக்கவும் முடியாது. ராஜினாமா கொடுத்தவர் பதினைந்து நாளுக்குள் அதைத் திரும்பப் பெறலாம் என்று விதி கொண்டுவாருங்கள். மற்றதெல்லாம் நடக்காவிட்டாலும் இது ஒன்று வந்தால் போதும், அந்த மூடிய அறைக்குள் வைத்து வாங்குவதற்கே பயன் இல்லாமல் போய்விடும், வீட்டுக்குப் போய் நாலு பேரிடம் கேட்டு, ஒரு வக்கீலிடம் பேசி முடிவெடுக்க அவகாசம் கிடைக்கும். பிறகு சோழிங்கநல்லூரிலோ சிறுசேரியிலோ ஐடி ஊழியர்களுக்கென்றே ஒரு சமரச அலுவலரை உட்கார வையுங்கள், சாயங்காலம் ஏழு மணி வரை திறந்திருக்கட்டும், பகலில் யாராலும் வர முடியாது. வேலையிழப்புக் காப்பீட்டுக்கு 21,000 என்ற வரம்பை எடுக்கச் சொல்லி மத்திய அரசுக்கு எழுதுங்கள். நாங்கள் இலவசமாகக் கேட்கவில்லை, சம்பளத்தில் இருந்து மாதாமாதம் எங்கள் பங்கைப் பிடித்துக்கொள்ளட்டும். 2025 பிப்ரவரியில் மைசூரில் பயிற்சியில் இருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட இளைஞர்களை இன்ஃபோசிஸ் அனுப்பியபோது மத்திய அமைச்சகம் கடிதம் எழுதியது, கர்நாடகத் தொழிலாளர் துறை அதிகாரிகள் வளாகத்துக்கே போனார்கள். கேட்டால் வருவார்கள், ஆனால் செய்தியான பிறகுதான் வருகிறார்கள்.

இதைப் படிக்கும் ஐடி ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. அப்படி ஒரு மீட்டிங்குக்குக் கூப்பிட்டால் அன்றைக்கே எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், போட வேண்டிய கட்டாயம் சட்டத்தில் இல்லை. வெளியே வந்ததும் உங்கள் சொந்த மெயிலில் இருந்து எச்.ஆருக்கு, இன்று இந்த நேரத்தில் இன்னார் என்னை ராஜினாமா செய்யச் சொன்னார், எனக்கு விருப்பமில்லை என்று இரண்டு வரி அனுப்பி வையுங்கள். போட்டுவிட்டீர்கள் என்றாலும் தாமதிக்காமல் அதையே எழுதுங்கள். பின்னால் தொழிலாளர் துறைக்குப் போனால் உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுவாகத்தான் இருக்கும். சம்பள ஸ்லிப், அப்ரைசல் கடிதங்கள், வேலை நியமன உத்தரவு இவற்றை வீட்டில் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனியின் புரோகிராமையோ கிளையன்ட் விவரத்தையோ தொடாதீர்கள், அதை வைத்தே உங்கள் மேல் வழக்கு வரும். புகார் கொடுக்க இரண்டு ஆண்டு இருக்கிறது.

ஆசிரியர் அவர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு நிறுவனம் இத்தனை பேரைக் குறைக்கிறது என்று செய்தி போடும்போது, உங்கள் செய்தியாளரைத் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். இந்த நிறுவனத்தில் இருந்து உங்களுக்கு எத்தனை ஆட்குறைப்பு அறிவிப்பு வந்தது என்று கேட்கச் சொல்லுங்கள். அவர்கள் சொல்லும் எண் பூஜ்யமாக இருந்தாலும், நிறுவனம் சொன்ன எண்ணுக்குப் பக்கத்திலேயே அதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
மென்பொருள் சோதனைப் பொறியாளர் ஒருவர்,
சென்னை